நெடுநாள் நிற்கும் மோட்டார் வண்டியும் அதன் மின்கலமும்

திருவண்ணாமலையில் வாழும் நமக்குத் தேர் புதிதன்று. கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாளில் மாட வீதிகளில் உலாவரும் பெரிய தேர், ஆண்டின் எஞ்சிய நாட்களிலெல்லாம் நிலையிலேயே நிற்கின்றது. ஓடாது நிற்கும் தேர் கெடாது என்று எண்ணி எவரும் வாளாவிருப்பதில்லை. சக்கரத்தையும் அச்சையும் நன்கு பார்த்துப் பழுது நீக்கிய பின்னரே வடம் பிடிக்க விடுகின்றனர். மரத்தேரின்பால் நாம் இயல்பாகக் காட்டும் இம்முன்யோசனையை, வீட்டு வாயிலில் நிற்கும் மோட்டார்த் தேரின்பால் காட்ட மறந்துவிடுகிறோம். “ஓட்டாத வண்டிக்குத் தேய்வேது?” என்பது நம்மிற் பலருடைய எண்ணம். அவ்வெண்ணம் டயருக்கு ஓரளவு பொருந்தலாம். இஞ்சினுக்கும் சிறிது பொருந்தலாம். ஆனால் பாட்டரி என்று நாம் வழங்கும் மின்கல அடுக்குக்கோ அது சிறிதும் பொருந்தாது. ஓடும் பாட்டரியினும் நிற்கும் பாட்டரியே விரைவில் மாளும். அஃது ஏன் என்பதையும், அதனைத் தடுக்கும் வழி யாது என்பதையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

இப்பாடத்தை நம் ஊரார் பெருவிலை கொடுத்துக் கற்ற காலம் ஒன்றுண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள் மாலை 6 மணி முதல், கொரோனா நோய் பரவுதலைத் தடுக்கும்பொருட்டுத் தமிழ்நாட்டில் ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. மறுநாளே அது நாடு முழுவதற்கும் ஆயிற்று. பின்னர்த் தளர்வுகள் சிறிது சிறிதாக வந்தபோதிலும், மாவட்டம் விட்டு மாவட்டம் செல்வதற்கு இ-பாஸ் என்னும் அனுமதிச் சீட்டு ஆகஸ்டு முடியுமளவும் வேண்டியிருந்தது. 14 கிலோமீட்டர் சுற்றளவுள்ள கிரிவலப் பாதையில் பௌர்ணமிதோறும் திரளும் கூட்டம், ஏறத்தாழ ஈராண்டுக் காலம் பெரும்பாலான மாதங்களில் தடுக்கப்பட்டது. அக்கூட்டத்தை நம்பி வாழும் வாடகைக் கார்களும் ஆட்டோக்களும் தெருவோரங்களில் தூசி படிந்து வரிசையாக நின்றன.

அவ்வாண்டு மே மாதத்தில் ஓர் இரவு நிகழ்ந்ததை நாம் மறத்தற்கில்லை. நம் தெருவில் மூதாட்டி ஒருவருக்கு மூச்சுத் திணறல் கண்டது. பக்கத்து வீட்டு வாடகைக் கார் ஓட்டுநர் ஓடிவந்து தம் வண்டியில் ஏறிச் சாவியைத் திருப்பினார். ‘டக் டக்’ என்னும் ஒலியன்றி வேறொன்றும் பிறக்கவில்லை. ஐந்தாறு பேர் கூடித் தள்ளிப் பார்த்தோம், பயனில்லை. 108 வண்டி வந்து மூதாட்டியைக் கொண்டு சென்றது; அவர் பிழைத்தார். ஆயினும் அதுவரை கழிந்த நிமிடங்கள் எத்துணை நீண்டவை என்பதை உடனிருந்த நாம் அறிவோம். மறுநாட் காலை அவ்வோட்டுநர் நம்மிடம், “ஐயா, வண்டி நின்றுகொண்டுதானே இருந்தது, பாட்டரி எப்படித் தீர்ந்தது?” என்று கேட்டார். கல்லூரியிற் படித்தவர் என்று மதித்துக் கேட்ட அவருக்கு அன்று நம்மால் ஒழுங்காக விடை கூற இயலவில்லை. வருவாயே இல்லாத அம்மாதத்தில் அவர் கடன் வாங்கிப் புதுப் பாட்டரி வாங்கினார். அன்று கூறாத விடையே இக்கட்டுரை என்று கொள்க.

மின்கலத்தின் வரலாற்றை முதலிற் சுருக்கமாக நோக்குவோம். இத்தாலி நாட்டு வோல்ட்டா என்பார் 1800ஆம் ஆண்டில் முதல் மின்கல அடுக்கைச் செய்து காட்டினார். அது தீர்ந்தால் தீர்ந்ததே. மீண்டும் ஊட்ட வழியில்லை. 1859ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிஞர் காஸ்டன் பிளான்டே, இரண்டு ஈயத் தகடுகளை ஒன்றையொன்று தொடாவண்ணம் சுருட்டி, நீர் கலந்த கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தை உட்செலுத்தினார். செலுத்திய மின்சாரத்தை அது சேமித்து வைத்திருந்து வேண்டும்போது திருப்பித் தந்தது. 1881ஆம் ஆண்டில் கமில் ஃபோர் என்பார் தகடுகளின்மேல் ஈய ஆக்ஸைடுப் பசையைப் பூசி அதன் கொள்ளளவைப் பெருக்கினார். மோட்டார் வண்டிகள் தோன்றிய நாளில் முன்புறத்துக் கைப்பிடியைச் சுழற்றியே இஞ்சினை உயிர்ப்பிக்க வேண்டியிருந்தது. 1912ஆம் ஆண்டின் காடிலாக் வண்டியில் சார்லஸ் கெட்டரிங் அமைத்த மின்சார ஸ்டார்ட்டர் வந்தபின், அவ்வுழைப்பு நீங்கிற்று; ஆனால் வண்டியின் உயிர் பாட்டரியின் கையில் ஒப்படைக்கப்பட்டது. நம் நாட்டிலும் இத்துறை ஆராய்ச்சிக்கு இடமுண்டு. அழகப்பச் செட்டியார் நிலமும் பொருளும் வழங்க, 1948ஆம் ஆண்டில் அடிக்கல் நாட்டப்பெற்று 1953ஆம் ஆண்டில் திறக்கப்பெற்ற காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், மின்கலங்களைப்பற்றிய ஆராய்ச்சியை இன்றும் நடத்தி வருகின்றது.

இனி, அதன் உள்ளே நிகழ்வது யாது? மோட்டார் வண்டியின் பாட்டரியில் ஆறு அறைகள் உண்டு. ஓரறை ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் தொடர்ந்து நிற்க, 12.6 வோல்ட் கிடைக்கின்றது. ஒவ்வோர் அறையிலும் எதிர்த் தகட்டில் தூய ஈயமும், நேர்த் தகட்டில் ஈயப் பெராக்ஸைடும், இவ்விரண்டிற்கும் இடையே நீர் கலந்த கந்தகத் திராவகமும் உள்ளன. மின்சாரம் வெளிச்செல்லுங்கால் இரு தகடுகளும் திராவகத்திலுள்ள கந்தகப் பகுதியை உண்டு, ஈய சல்பேட்டு என்னும் வெண்பொருளாக மாறுகின்றன. திராவகமோ வலியிழந்து நீராகின்றது. மின்சாரத்தை மீண்டும் உட்செலுத்தினால், சல்பேட்டு கரைந்து, ஈயமும் பெராக்ஸைடும் தத்தம் இடங்களில் மீள, திராவகமும் பழைய வலிமை பெறுகின்றது. ஹைட்ரோமீட்டர் என்னும் மிதவைக் கருவியால் திராவகத்தின் அடர்த்தியைப் பார்த்தே பாட்டரியின் நிலையைக் கூறுவதற்குக் காரணம் இதுவேயாம். நிறைந்த நிலையில் அது 1.26 முதல் 1.28 வரையிலும், தீர்ந்த நிலையில் 1.12 அளவிலும் நிற்கும்.

வண்டி நிற்கும்போது இச்சேமிப்பைக் களவாடும் கள்வர் மூவர். முதற் கள்வன் வண்டியிலேயே இருக்கின்றான். சாவியை எடுத்த பின்னும் கடிகாரம், திருட்டைத் தடுக்கும் எச்சரிக்கைக் கருவி, கதவுகளை ஒருங்கே பூட்டும் பொறி, இஞ்சினை ஆளும் கணினி ஆகியவை சிறிது மின்சாரத்தைப் பருகியவண்ணமே இருக்கின்றன. அது 30 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொள்வோம். மிகச் சிறிதுதான், ஆனால் ஒரு நாளைக்கு 24 மணி நேரத்திற்கும் கணக்கிட்டால் 0.72 ஆம்பியர்-மணி ஆகின்றது. 30 நாட்களில் 21.6 ஆம்பியர்-மணி. சிறு கார்களில் உள்ள பாட்டரியின் முழுக் கொள்ளளவு 35 ஆம்பியர்-மணி அளவினதே. ஆகவே ஒரு மாதத்தில் பாதிக்குமேல் ஒழுகிவிடுகின்றது. ஏழு வாரத்தில் குடம் காலியாகிவிடும். மார்ச்சு இறுதியில் நின்ற கார் மே மாதத்தில் எழாததன் கணக்கு இதுவே.

இரண்டாங் கள்வன் பாட்டரிக்குள்ளேயே வாழ்பவன். கம்பிகளையெல்லாம் கழற்றித் தனியே வைத்தாலும், தகடுகளுக்கும் திராவகத்திற்கும் இடையே மெல்லிய இரசாயனச் செயல் நடந்துகொண்டே இருக்கும். இதனைத் தன்னிறக்கம் எனலாம். மூன்றாமவன் நம் ஊர் வெயில். இவன் இரண்டாமவனுக்குத் துணைவன். வெப்பம் 10 பாகை செண்டிகிரேடு உயர்ந்தால் தன்னிறக்கத்தின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகின்றது என்பது பொதுவிதி. சித்திரை வைகாசியில் மலைப்பாறை காய்ந்து அனல் வீசும் நாட்களில், நிழலற்ற தெருவில் மூடிய பானட்டுக்குள் இருக்கும் பாட்டரியின் நிலையை எண்ணிப் பார்க்க. குளிர்நாட்டில் பனி பாட்டரியை மயக்குகின்றது. நம் நாட்டிலோ வெயில் அதனை முதுமையுறச் செய்கின்றது.

தீர்ந்தால் மீண்டும் ஊட்டிக்கொள்ளலாமே என்று சிலர் கேட்கலாம். இங்கேதான் பெருங்கேடு மறைந்திருக்கின்றது. பனைநீர்ப் பாகை ஆழ்ந்த கலங்களில் ஊற்றிப் பல வாரம் அசைக்காது வைத்துப் பனங்கற்கண்டு எடுப்பதை நாம் அறிவோம். அசையாது நிற்கும் பாகிற் சிறு மணிகள் கரைந்து, பெருமணிகளின்மேற் படிந்து, அவை மேலும் பெரியவாகின்றன. பொடிச் சர்க்கரை வாயிலிட்ட உடனே கரையும். கற்கண்டோ கரைய நேரம் கொள்ளும். ஈய சல்பேட்டின் நிலையும் இத்தகையதே. புதிதாய் உண்டான சல்பேட்டு நுண்பொடியாக இருத்தலால், மின்சாரம் ஊட்டியவுடன் எளிதிற் கரைகின்றது. அதனைப் பல வாரம் அப்படியே விட்டுவிட்டால், கெட்டியான படிகங்களாகி முற்றிவிடும். பின்னர் எவ்வளவு மின்சாரம் செலுத்தினும் அப்படிகங்கள் முற்றும் கரைவதில்லை. அவை மூடிய தகட்டுப் பகுதி வேலைக்கு உதவாது ஒழிகின்றது. ஆதலின் பாட்டரியைக் கொல்வது தீர்ந்துபோதல் அன்று. தீர்ந்த நிலையில் நெடுநாட் கிடத்தலே. இவ்வேறுபாடு ஒன்றை உணர்ந்தால் மற்ற விதிகளெல்லாம் தாமே விளங்கும்.

வாரம் ஒருமுறை இஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்தினால் போதும் என்பது நம்மவரிடையே பரவிய ஒரு வழக்கம். அதனையும் கணக்கிட்டுப் பார்ப்போம். மேலே கூறிய கசிவினால் ஒரு வாரத்தில் 5 ஆம்பியர்-மணி குறைகின்றது. ஸ்டார்ட்டர் 150 ஆம்பியர் வீதம் நான்கு விநாடி இழுப்பதாகக் கொண்டால், அச்செலவு ஓர் ஆம்பியர்-மணியில் ஆறில் ஒரு பங்கே. நின்றபடியே மெதுவாக ஓடும் இஞ்சின் பாட்டரிக்கு 10 ஆம்பியர் ஊட்டுவதாகத் தாராளமாய் வைத்துக்கொண்டாலும், ஐந்து நிமிடத்தில் கிடைப்பது 0.8 ஆம்பியர்-மணி அளவே. செலவு ஐந்து, வரவு முக்கால். இக்குடும்பம் எத்தனை நாள் நிலைக்கும்? மேலும், சூடேறாத இஞ்சினிலும் புகைக்குழாயிலும் நீர் தங்கித் துருவிற்கு இடமாகும். வண்டியை அரைமணி நேரத்திற்குக் குறையாமற் சாலையில் ஓட்ட இயலுமாயின் நன்று. இயலாதெனில் வேறு வழியை நாடுதலே அறிவுடைமை.

அவ்வழி யாது? வண்டியை ஒரு மாதத்திற்குமேல் நிறுத்த நேருங்கால் செய்யற்பாலனவற்றை முறையே கூறுகின்றோம்.

முதலாவது, நிறுத்துவதற்கு முன்பே பாட்டரியை முழுதும் நிரப்புக. அரைவயிற்றோடு உறங்கச் சென்ற பாட்டரி விழிப்பது அரிது. சார்ஜர் என்று கடைகளில் வழங்கும் மின்னேற்றியைக் கொண்டு, கொள்ளளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாத மின்னோட்டத்தில், அஃதாவது 35 ஆம்பியர்-மணிப் பாட்டரிக்கு 3.5 ஆம்பியரில், நிதானமாக ஊட்டுக. அவசரம் சூட்டையும், சூடு தகட்டுக் கேட்டையும் விளைக்கும்.

இரண்டாவது, எதிர்முனைக் கம்பியைக் கழற்றுக. இவ்வொரு செயலால் முதற் கள்வன் வெளியேற்றப்படுகிறான். எப்பொழுதும் எதிர்முனையையே முதலிற் கழற்றி, மாட்டும்போது அதனையே கடைசியில் மாட்டவேண்டும். வண்டியின் இரும்புடல் முழுவதும் எதிர்முனையோடு இணைந்திருத்தலால், நேர்முனையை முதலிற் கழற்றும்போது ஸ்பானர் தவறி உடலைத் தொடுமாயின், பெரும்பொறி எழும். கழற்றுமுன் கண்ணாடிகளை ஏற்றிவிடுக. கதவுகளைக் கைச்சாவியால் திறக்க இயலுமா என்பதையும் பார்த்துக்கொள்க. கடிகாரம், வானொலி முதலியவற்றின் அமைப்புகள் அழியக்கூடும். சில புது வண்டிகளில் கம்பியைக் கழற்றுவதற்குத் தனி விதிகளும் உள. வண்டியோடு வந்த கைப்புத்தகத்தை ஒருமுறை படித்தல் கடமையாம்.

மூன்றாவது, பாட்டரியின் மேற்புறத்தைத் துடைத்து உலர்த்துக. அங்கே படிந்த ஈரத் தூசியும் திராவகக் கசிவும் இரு முனைகளுக்கும் இடையே ஒரு பாலமாகி, மின்சாரத்தை மெல்ல ஒழுகச் செய்யும். முனைகளிற் பூத்த வெண்பச்சைப் பூஞ்சணத்தைச் சமையல் சோடா கரைத்த நீரால் தேய்த்துக் கழுவலாம்; ஆனால் அந்நீர் ஒரு துளியும் அறைக்குள் இறங்கலாகாது. உலர்ந்தபின் முனைகளில் வாஸலீன் தடவுக.

நான்காவது, மூடி திறக்கும் வகைப் பாட்டரியாயின், தகடுகள் மூழ்கியுள்ளனவா என்று பார்த்துக் குறைந்த அளவுக்குக் காய்ச்சி வடித்த நீரை மட்டும் ஊற்றுக. பெட்ரோல் நிலையங்களிலும் பாட்டரிக் கடைகளிலும் டிஸ்டில்டு வாட்டர் என்று விற்பது இதுவே. கிணற்று நீரும் குழாய் நீரும் கூடா. அவற்றிலுள்ள இரும்பும் உப்புகளும் தன்னிறக்கத்தை மிகுவிக்கும். திராவகம் ஊற்றுதலும் தவறு. வற்றுவது நீரேயன்றித் திராவகமன்று.

ஐந்தாவது, இயலுமாயின் பாட்டரியைக் கழற்றி, வெயில் படாத, காற்றோட்டமுள்ள, குழந்தைகள் அணுகாத இடத்தில் வைக்க. சிமெண்டுத் தரையில் வைத்தால் மின்சாரம் தரைக்குள் இறங்கிவிடும் என்று முதியோர் சிலர் கூறுவர். மரத்தாலும் ரப்பராலும் பெட்டி செய்த முற்காலத்தில் ஈரம் ஊறிக் கசிவு ஏற்பட்டிருக்கலாம். இக்காலத்துப் பிளாஸ்டிக் பெட்டிக்கு அவ்வச்சமில்லை. பலகையின்மேல் வைப்பதாலும் தீங்கொன்றுமில்லை.

ஆறாவது, மாதம் ஒருமுறை அளந்து பார்க்க. அமாவாசையோ பௌர்ணமியோ, மறவாத ஒரு நாளைக் குறித்துக்கொள்ளலாம். மல்டிமீட்டர் என்னும் சிறு கருவி மின்பொருட் கடைகளில் எளிதிற் கிடைக்கும். ஊட்டி முடித்தவுடன் அளந்தால் மிகையாகக் காட்டும். ஆதலின் சில மணி நேரம் பொறுத்து அளக்க. 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் நிறைவு, 12.4 முக்கால், 12.2 பாதி; 12.0 ஏறத்தாழக் கால் பங்கு. 12.4க்குக் கீழ் இறங்கவிடாது மீண்டும் ஊட்டிவந்தால், படிகங்கள் முற்றுவதற்கு இடமிராது.

மாதந்தோறும் பார்க்க இயலாதோர்க்கும், வெளியூரில் நெடுநாள் தங்குவோர்க்கும், தானே அளந்து தானே நிறுத்திக்கொள்ளும் பராமரிப்பு மின்னேற்றிகள் இப்பொழுது உண்டு. அவை நிறைந்த பாட்டரியை 13.5 வோல்ட் அளவில் மெல்லத் தாங்கிநிற்கும். நிறுத்தும் பொறியில்லாத பழைய மின்னேற்றியை வாரக் கணக்கில் மாட்டிவைத்தலோ, நோய்க்கு மருந்து நஞ்சானது போலாம். நீர் கொதித்து வற்றித் தகடுகள் வெளிப்பட்டுக் கெடும். மலைமேல் ஏற்றிய தீபத்திற்கு அளவறிந்து நெய் வார்ப்பவரைப் போல, ஊட்டுவதிலும் அளவு வேண்டும்.

இவ்வேலையில் உள்ள அபாயத்தையும் மறைத்தலாகாது. ஊட்டுங்கால் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் என்னும் வாயு எழுகின்றது. காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு அது கலந்தாலே தீப்பற்றக் கூடியதாகும். ஆகவே சன்னல்களைத் திறந்து வைக்க. பீடி, ஊதுவத்தி, விளக்கு யாவும் அவ்வறைக்கு ஆகா. மின்னேற்றியின் கம்பிகளைப் பாட்டரியில் மாட்டிய பின்னரே சுவரிலுள்ள ஸ்விச்சைப் போடுக. அணைத்த பின்னரே கழற்றுக. திராவகம் கண்ணில் தெறித்தால் உடனே தூய நீரால் பதினைந்து நிமிடமேனும் கழுவிக்கொண்டு மருத்துவரை அடைக.

இத்தனை செய்தும் பாட்டரி தீர்ந்துவிடின், மற்றொரு வண்டியின் பாட்டரியோடு இணைத்து இஞ்சினை எழுப்பலாம். நேர்முனைகள் இரண்டையும் சிவப்புக் கம்பியால் முதலிற் சேர்த்து, நல்ல பாட்டரியின் எதிர்முனையிற் கறுப்புக் கம்பியை மாட்டி, அதன் மறுதலையைத் தீர்ந்த வண்டியின் இஞ்சின் இரும்பில், பாட்டரிக்கு எட்டத்திலே, கடைசியாக இணைக்கவேண்டும். இஞ்சின் எழுந்துவிட்டது என்று மகிழ்ந்து அம்மட்டில் நின்றுவிடலாகாது. சிறிது தூரப் பிரயாணம் அதனை நிரப்பாது. அன்றே மின்னேற்றியில் முழுதும் ஊட்டுதல் வேண்டும்.

மாண்ட பாட்டரியை என் செய்வது? தெருவில் எறிதலும், ஈயத்திற்காக உடைத்து உருக்குதலும் பெருந்தீங்கு. ஈயம் சிறு குழந்தைகளின் மூளையைத் தாக்கும் நஞ்சு. 2001ஆம் ஆண்டிலேயே நம் நாட்டில் இதற்கென விதிகள் ஏற்பட்டன. அவற்றிற்குப் பதிலாக 2022ஆம் ஆண்டின் மின்கலக் கழிவு மேலாண்மை விதிகள் வந்துள்ளன. பழையதை விற்பனைக் கடையிலேயே ஒப்படைத்தால், புதியதன் விலையிற் சிறிது குறையவும் கூடும். அவ்வீயம் முறையான ஆலையில் உருகி மீண்டும் பாட்டரியாகவும் ஆகும்.

மின்சாரக் கார்கள் பெருகிவரும் இந்நாளில் இவ்வறிவு எதற்கு என்று கேட்பார்க்கு ஒரு சொல். அவ்வண்டிகளிலும் ஓட்டும் பெரிய லித்தியம் மின்கலத்தோடு, விளக்கு, பூட்டு, கணினி முதலியவற்றிற்காக 12 வோல்ட் சிறு பாட்டரியும் பெரும்பாலும் உண்டு. அது தீர்ந்தால், பெரிய மின்கலம் நிறைந்திருந்தும் வண்டி அசையாது. லித்தியம் மின்கலத்தின் இயல்போ வேறு. ஈய வகையை நிறைத்து வைத்தல் நன்று, லித்தியத்தை நெடுநாள் வைப்பதாயின் பாதியளவில் வைத்தல் நன்று. ஒன்றின் விதியை மற்றொன்றிற்கு ஏற்றிக் கெடுத்தல் கூடாது.

நம் அயலாராகிய அவ்வோட்டுநர் இப்பொழுது தம் வண்டிப் பெட்டியில் ஒரு சிறு மல்டிமீட்டர் வைத்திருக்கின்றார். கூட்டமில்லாத மாதங்களில் எதிர்முனைக் கம்பியைத் தாமே கழற்றிவிடுகிறார். தம்மைப்போன்ற நால்வர்க்கும் அதனைக் கற்பித்திருக்கின்றார். பத்து நிமிட வேலையும் ஒரு ஸ்பானரும் ஒரு மாத வருவாயைக் காத்தன என்கிறார். மாணவ நண்பர்களே, நாம் வகுப்பறையில் ஆம்பியரையும் வோல்ட்டையும் பரீட்சைக்காக எழுதி மறந்துவிடுகிறோம். நம் தெருவில் நிற்கும் ஒருவர் “ஏன்?” என்று கேட்கும்போது விடை கூற இயலுமாயின், அன்றே நாம் கற்ற கல்வி பயன்பட்டதாகும். விடுமுறைக்கு ஊர் செல்லுமுன் வீட்டு வாயிலில் நிற்கும் வண்டியின் பானட்டை ஒருமுறை திறந்து பார்ப்பீர்களாக. எந்த இரவில், எவர் பொருட்டு, அது ஓடவேண்டியிருக்கும் என்பதை நம்மில் யாரும் அறியோம்.